ஏழரையும் இருபத்தொன்பதரையும்

(மயிலாடுதுறைப் பக்கம் ஒரு சலூன். ஞாயிற்றுக்கிழமை காலை. நாற்காலியில் சரவணன், கழுத்துவரை வெள்ளைத் துணி, முகமெல்லாம் நுரை. கோவிந்தன் கையில் கத்தி. இந்த நிலைமையில் கத்தி வைத்திருப்பவரோடு யாரும் விவாதம் பண்ணக் கூடாது. சரவணனுக்கு அது தெரியாது.)

கோவிந்தன்: தாடையைத் தூக்கு. நாலு மாசப் பாக்கி என்னாச்சு தம்பி?

சரவணன்: அதைப்பத்தி ஜோசியர்கிட்டயே கேட்டுட்டேண்ணே. மேஷ ராசிக்கு ஏழரைச் சனியாம். கொடுக்கல் வாங்கல் எதுவும் வேணாம்னுட்டார்.

கோவிந்தன்: வாங்கல் நடந்துக்கிட்டுத்தானே இருக்கு? மூஞ்சியில நுரை யாரோடது?

சரவணன்: என் கஷ்டம் உங்களுக்குப் புரியல. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29லயே சனி மீனத்துக்குப் போயாச்சு. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச்சுலதான். திருநள்ளாறு கோயில்ல வாக்கியக் கணக்கு. அதுல தொடங்கி இதுல முடியுதுன்னா, ஊருக்கெல்லாம் ஏழரை, எனக்கு மட்டும் எட்டரை!

கோவிந்தன்: ஏழரைன்னு ஏன் வச்சாங்க, ஆறு வைக்கலாம், எட்டு வைக்கலாம்னு என்னைக்காவது யோசிச்சியா?

சரவணன்: கஷ்டம் அவ்வளவு நாள் இருக்கும்னுதான்.

கோவிந்தன்: கணக்குடா அது! சனி சூரியனை ஒரு சுத்து சுத்தி வர இருபத்தொன்பதரை வருஷம். ராசி 12. வகுத்துப் பாரு, ராசிக்கு ரெண்டரை வருஷம். உன் ராசிக்கு முந்தினது, உன்னோடது, அடுத்தது. மூணு ரெண்டரை?

சரவணன்: ஏழரை... அட!

கோவிந்தன்: ஆட்டாத, காது இருக்கு. முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்ல, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லன்னு உங்க பாட்டி சொல்லுமே, அந்த முப்பதும் இந்தச் சுத்துதான். சூரியன்ல இருந்து 143 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கு. பாதை நீளம், வேகமும் கம்மி. பூமி வினாடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுது, சனி 10 கிலோமீட்டர்கூட வராது.

சரவணன்: வினாடிக்குப் பத்தா? இதுக்குப் பேர் மெதுவா? இங்கிருந்து திருநள்ளாறுக்கு நாலு வினாடிண்ணே! நான் போன வாரம் பஸ்ஸுல ஒன்றரை மணி நேரம் நின்னுக்கிட்டே போனேன்.

கோவிந்தன்: இன்னொண்ணு கேளு. எப்பப் பார்த்தாலும் 12 ராசியில மூணு ராசிக்காரன் ஏழரையில இருப்பான். நாலுல ஒருத்தன். நாலுல ஒருத்தன் எனக்குப் பாக்கி வச்சா நான் கடையை நடத்துறதா, காசிக்குப் போறதா?

(சரவணன் கண்ணாடியைப் பார்க்காமல் கூரையைப் பார்க்கிறான். பாக்கிக்காரர்கள் எல்லோருக்கும் கூரை பிடிக்கும்.)

சரவணன்: இதெல்லாம் உங்களுக்கு யாருண்ணே சொன்னது?

கோவிந்தன்: ஸ்கூல் கிரவுண்டுல டெலஸ்கோப் வச்சுக் காட்டினாங்களே, வரிசையில நின்னு பார்த்தேன். அந்தப் பசங்க சொன்னாங்க. மிச்சத்தை என் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு.

சரவணன்: வளையம் தெரிஞ்சுதா?

கோவிந்தன்: மெல்லிசா ஒரு கோடுதான் தெரிஞ்சுது.

சரவணன்: பாருங்க, அவரே வளையத்தை அடகு வச்சுட்டார். என்னைப் போய் பாக்கி கேக்குறீங்க!

கோவிந்தன்: அடகும் இல்ல, ஒண்ணும் இல்ல. சனி 27 டிகிரி சாய்ஞ்சு சுத்துது. அதனால ஏறக்குறைய 15 வருஷத்துக்கு ஒரு தடவை வளையத்தோட விளிம்பு மட்டும் நம்மைப் பார்த்து நிக்கும். 2025ல அப்படி நின்னுச்சு. கலிலியோ இருக்காரே, 1610ல பார்த்தப்போ அது வளையம்னு புரியாம, ரெண்டு பக்கமும் ரெண்டு உருண்டைன்னு நினைச்சாராம். 1612ல பார்த்தா ரெண்டையும் காணோம்! ஆடிப்போயிட்டார் மனுஷன். ஹைகன்ஸ்ங்கறவர்தான் 1659ல, இது வளையம்யா, சாயறப்ப மறையுதுன்னு எழுதினார்.

சரவணன்: விளிம்பு திரும்பினா காணாமப் போற அளவுக்கா மெல்லிசு?

கோவிந்தன்: இந்த பிளேடைப் பாரு. வளையத்தோட தடிமன் இதுன்னு வச்சுக்க. அதே கணக்குல அகலம் கிட்டத்தட்ட மூணு கிலோமீட்டர் வரும்! நிஜத்துல அகலம் 2,80,000 கிலோமீட்டர், தடிமன் பல இடத்துல வெறும் 10 மீட்டர்.

சரவணன்: பிளேடைக் கொஞ்சம் தள்ளி வச்சுப் பேசுங்கண்ணே. எதுல செஞ்சது, இரும்பா? சனிக்கு இரும்புதான் உகந்தது.

கோவிந்தன்: ஐஸ். பெரும்பாலும் ஐஸ் கட்டிதான். பொடியும் இருக்கு, வீடு தண்டி பாறையும் இருக்கு. எல்லாம் தனித்தனியா சுத்துது.

சரவணன்: அப்ப சனி?

கோவிந்தன்: வாயுக் கோள். ஹைட்ரஜன், ஹீலியம். நிக்கறதுக்குத் தரையே கிடையாது. பூமி மாதிரி எழுநூறுக்கு மேல உள்ள அடைக்கலாம், அவ்வளவு பெரிசு. ஆனா தண்ணியைவிட லேசு. அந்த அளவுக்கு ஒரு குளம் வெட்டினா மிதக்கும்.

சரவணன்: நளதீர்த்தத்துல நாமதான் முங்கணும், அவர் முங்கவே மாட்டாரா!

கோவிந்தன்: சாமியை இழுக்காத. சாமி வேற, கோள் வேற. நானும் எள்ளு தீபம் போடுறவன்தான். உடம்பு பெரிசே தவிர சுத்துறது படுவேகம், 10 மணி 33 நிமிஷத்துல ஒரு நாள் முடிஞ்சுடும். அந்த வேகத்துல இடுப்பு பிதுங்கி, மேலயும் கீழயும் சப்பையா இருக்கும்.

சரவணன்: நான் உக்காந்த இடத்தை விட்டு நகர்றதே இல்லையே, எனக்கு ஏண்ணே பிதுங்குது?

கோவிந்தன்: அது பரோட்டா. தலையைச் சாய்.

சரவணன்: நிலா உண்டா அங்க?

கோவிந்தன்: 2025 கணக்குப்படி 274! 2025 மார்ச்சுல மட்டும் 128 புதுசா சேர்த்தாங்க. இருக்கற நிலாவுல டைட்டன்னு ஒண்ணு, புதன் கோளைவிடப் பெரிசு. அங்க மழை பெய்யும், ஆறு ஓடும். தண்ணி இல்ல, மீத்தேன்.

சரவணன்: மீத்தேனா? மெதுவாப் பேசுங்கண்ணே, டெல்டாவுல அந்தப் பேரை எடுத்தா கூட்டம் கூடிடும்.

கோவிந்தன்: எனக்கு ஒரே கவலைதான். அந்த ஊர்ல சலூன் வச்சா சோறு கிடைக்காது. 274 நிலா, தினமும் எதாவது ஒண்ணுக்கு அமாவாசை. எவன் ஷேவிங்குக்கு வருவான்?

சரவணன்: தர்ப்பணம் பண்ணி வைக்க ஐயரும் பத்தமாட்டார். அங்க யாராவது போய்ப் பார்த்திருக்காங்களா?

கோவிந்தன்: ஆள் போகல. காசினின்னு ஒரு விண்கலம், 1997ல கிளம்பி 2004ல போய்ச் சேர்ந்துச்சு.

சரவணன்: ஏழு வருஷமா! இன்னும் அரை வருஷம் லேட்டாயிருந்தா அதுக்கும் ஏழரை.

கோவிந்தன்: 13 வருஷம் சுத்திச் சுத்திப் படம் எடுத்து அனுப்பிட்டு, 2017 செப்டம்பர் 15ல சனிக்குள்ளயே விழுந்து எரிஞ்சுது.

சரவணன்: பார்த்தீங்களா! கிட்டப் போனா மிஷினா இருந்தாலும் விடமாட்டார்!

கோவிந்தன்: அட, எரிபொருள் தீர்ற நேரம்டா. சும்மா விட்டா டைட்டன் மேலயோ, என்செலடஸ்ங்கற இன்னொரு நிலா மேலயோ மோதிடும். என்செலடஸுல ஐஸுக்கு அடியில கடலே இருக்கு, உசிரு கிசிரு இருந்தா நம்ம ஊர் கிருமி போய்க் கெடுத்துடக் கூடாதுன்னு இவங்களேதான் உள்ள தள்ளி விட்டாங்க.

(நுரை வழித்தாயிற்று. ஒரு பக்க மீசையும் ஒதுக்கியாயிற்று. சரவணன் துணியை அவிழ்த்துக்கொண்டு மெல்ல எழுந்திருக்கிறான்.)

சரவணன்: சரிண்ணே. நல்ல விஷயம் சொன்னீங்க. காசு நாளைக்குக் கண்டிப்பா.

கோவிந்தன்: நில்லு. நீ சனியைக் காரணம் சொன்னே, நானும் சனிக் கணக்குலயே வர்றேன். இப்ப மணி எட்டரை. சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த ஊர் நாளை வந்துடும். வீட்டுக்கு வந்து வாங்கிக்கிறேன்.

சரவணன்: நாளுக்கு அந்தக் கணக்குன்னா, வருஷத்துக்கும் அதே கணக்குத்தானே?

கோவிந்தன்: ஆமா, அதுக்கென்ன?

சரவணன்: அடுத்த வருஷம் தர்றேண்ணே.

கோவிந்தன்: (விரல் மடக்கி எண்ணிப் பார்த்து, கத்தியைத் தோல் வாரில் இழுத்தபடி) தாராளமா. ஆனா கண்ணாடியைப் பார்த்துட்டுப் போ. மீசையில ஒரு பக்கம்தான் ஆயிருக்கு. இன்னொரு பக்கம் பாக்கி.

சரவணன்: (உட்கார்ந்து) ...உங்க ஜிபே நம்பர் சொல்லுங்கண்ணே.