கிணற்று நீச்சல் வேற, அலை வேற

"கிணத்துல குதிச்சு வளர்ந்த வேலூர்க்காரனுக்கு சர்ஃபிங் (பலகை மேல நின்னு அலையில சறுக்குறது) பயிற்சி எதுக்கு, கோவளம் போய் பலகையில ஏறினா போதும்"னு மேல எழுதியிருக்கீங்க தம்பி. தப்பு. நானும் காட்பாடிப் பக்கம் கிணத்துல பழகினவன்தான். அங்க தலைகீழாப் பாய்வோமே, அதே பழக்கம் கடல்ல கழுத்தை முறிக்கும். அலை உடையற இடத்துல சில சமயம் முழங்கால் தண்ணிதான், அடியில மணல் திட்டு. தட்டையா விழணும், மேல வரும்போது ரெண்டு கையும் தலைமேல இருக்கணும், ஏன்னா வெட்டுக்காயம் பெரும்பாலும் நம்ம சொந்தப் பலகையும் அதோட அடியில துருத்திட்டு இருக்குற ஃபின்னும் (துடுப்பு மாதிரித் தகடு) பண்றதுதான். வேலூர்க் கோட்டை அகழியைச் சுத்தி ஓடுறேன்னும் சொல்றீங்க; அது காலுக்குச் சரி, பலகையில படுத்து கையால துழாவணுமே, அந்தத் தோளுக்கு என்ன செஞ்சீங்க? இன்னொண்ணு, அபூர்வம்தான்: புதுசா வர்றவங்க ரொம்ப நேரம் பலகையில குப்புறப் படுத்து முதுகை வளைச்சே இருந்தா தண்டுவடம் பாதிக்கலாம். முதுகு வலிச்சு கால் மரத்துச்சுன்னா அடுத்த அலைக்குக் காத்திருக்காம கரையேறி நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.