ஒருமனதாக ஒரு சாக்கடை

(தையற்கடை. சுப்பையா கோபமாக நுழைகிறார்.)

சுப்பையா: தம்பி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை விரலில் மை வைத்துக்கொண்டு வந்தால் குடிமகனின் கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். இப்போது பார், என் வீட்டு வாசலில் இல்லாத சாக்கடையைக் கட்டி முடித்துவிட்டதாகக் கிராம சபையில் செலவுக்கே ஒப்புதல் வாங்கிவிட்டார்களாம்!

வேலுச்சாமி: குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் என்று ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது, அண்ணே. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அங்கே எழுந்து கணக்குக் கேட்கலாம். நீங்களோ எல்லாக் கேள்விகளையும் என் தையல் எந்திரத்திடமே கேட்டுவிடுகிறீர்கள்.

சுப்பையா: அது எதிர்த்துப் பேசுவதில்லையே! சரி, திங்கட்கிழமை கலெக்டரிடம் மனுக் கொடுத்துவிடட்டுமா?

வேலுச்சாமி: கொடுக்கலாம், ஆனால் கையில் ஆதாரம் வேண்டாமா? 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால், அவர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்கக் கூடாது.

சுப்பையா: அப்படியானால் எழுது: "ஐயா, உங்களுக்கு மனச்சாட்சி இருக்கிறதா?"

வேலுச்சாமி: "அத்தகைய ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை" என்று முறைப்படி பதில் வந்துவிடும், அண்ணே. ஏட்டில் இருப்பதைத்தான் கேட்க வேண்டும். வேலையின் மதிப்பீடு, அளவுப் புத்தகம், பணம் வழங்கிய பட்டியல், தீர்மானம் ஆகியவற்றின் நகல்களைக் கேட்போம்.

சுப்பையா: அந்தத் தீர்மானத்துக்குத் துணைபோன புண்ணியவான்கள் யார் யார் என்பதையும் கேள். ஒவ்வொரு பெயராக நான் ஊர் நடுவே உரக்க வாசிக்கிறேன்.

வேலுச்சாமி: வருகைப் பதிவேட்டின் நகல் என்று சேர்த்துவிட்டேன். ஆகஸ்டு 15 அன்று கொடியேற்றியதும், மிட்டாய்த் தட்டுக்குப் பின்னாலேயே ஒரு நோட்டும் வந்ததே, நினைவிருக்கிறதா?

சுப்பையா: இல்லாமலா? வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்ப வேண்டுமென்று, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டு, இரண்டு மிட்டாய் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

வேலுச்சாமி: அதுதான் அண்ணே அந்தப் பதிவேடு. நீங்கள் புறப்பட்ட பிறகு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

சுப்பையா: (நெடுநேரம் கழித்து) தம்பி, நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் வாங்குவார்கள் அல்லவா? அந்தக் கடைசி வரியை அடித்துவிடு, வீண் செலவு.