ரிகர்சலுக்கே பசங்கள விடுங்க

இசையமைப்பாளர் ஹேண்டல் லண்டன்ல ஒரு வாணவேடிக்கை விழாவுக்காக எழுதின ஃபயர்வொர்க்ஸ் மியூசிக்க அந்தக் காலத்து வாத்தியங்கள்ல வாசிக்கறப்போ ஸ்கூல் பசங்களுக்கு ஃப்ரீ டிக்கெட் குடுக்கணும்னு கட்டுரைல சொல்லியிருக்கீங்க, சரிதான், ஆனா டிக்கெட் மட்டும் குடுத்தா போதாதுங்க. 1749ல லண்டன் வாக்ஸ்ஹால் தோட்டத்துல நடந்த ரிகர்சலுக்கே 12,000 பேர் காசு குடுத்து வந்தாங்கன்னு அப்பவே எழுதியிருக்காங்க, லண்டன் பிரிட்ஜ்ல வண்டி 3 மணி நேரம் நகரலையாம்! (மெயின் விழாவுல வாணவேடிக்கை மண்டபமே தீப்பிடிச்சது வேற கதை.) அதனால பசங்கள ரிகர்சல்லயே ட்ரம்பெட்காரங்க பக்கத்துல உக்கார வைங்க, அந்தக் கால ட்ரம்பெட்ல சுரத்த மாத்த விரலால அழுத்தற வால்வே கிடையாது, அத்தனை சுரமும் உதட்டுலயும் மூச்சுலயும்தான், சுரம் பிசிறினா அதுவும் ஒரு த்ரில்லுதான். அந்த விழாவுக்கு அடுத்த மாசமே கைவிடப்பட்ட குழந்தைங்களுக்கான ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டலுக்கு நிதி திரட்ட ஹேண்டல் இதையே வாசிச்சாரே, அதப் பத்தி ஒரு வரி கூட எழுதலையே சார்?