பவுசர் போன திசை

கடந்த மார்கழி மழையில், கயிறில்லாமலே வாளியை அமிழ்த்தி நீர் அள்ளும் அளவுக்கு எங்கள் வளவுக் கிணறு நிறைந்திருந்த நாளொன்றில், மலசலகூடத்தில் ஊற்றிய தண்ணீர் இறங்க மறுத்தது. குழியின் மூடியைத் தூக்கிப் பார்த்தபோது, கிணற்றில் நீர் எந்த மட்டத்தில் நின்றதோ ஏறத்தாழ அதே மட்டத்தில் குழியிலும் நின்றது. கழிவை உறிஞ்சும் தாங்கி வண்டியான பவுசருக்குச் சொல்லி வைத்தோம். மூன்றாம் நாள் வந்து உறிஞ்சிக்கொண்டு புறப்பட்டபோது, எங்கே கொண்டுபோய் ஊற்றுவீர்கள் என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "உங்கால காட்டுப் பக்கம்தான் அண்ணை" என்று கையை நீட்டினார். அவர் காட்டிய திசையில் காடு இருப்பது உண்மை; காட்டுக்குக் கீழே ஒரு குளமும் இருக்கிறது.

வன்னியில் தண்ணீரைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தால் அது செய்தி. அந்த நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுப்பதா என்பது பல வருட வாதம். பாவித்து முடித்த தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பவர்கள் மட்டும் குறைவு. நகரங்களுக்குப் பெரிய சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் வன்னியில் முதலில் கவனிக்க வேண்டியது வீட்டுக் குழியும் அந்தப் பவுசருமே என்பது என் கருத்து.

மீள்குடியேற்றத்துக்குப் பின் அவசர அவசரமாகக் கட்டப்பட்ட வீடுகளில் நான் பார்த்த பல குழிகள், அடித்தளமின்றிக் கொட்டுகளை, அதாவது கொங்கிறீட் வளையங்களை, ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியவை. முறையான மலத்தொட்டி அப்படிப்பட்டதல்ல. அது நீர் கசியாத இரண்டு அறைகளைக் கொண்டது. கனமான கழிவு அடியில் படிய, எண்ணெய்ப் பசை மேலே மிதக்க, இடையிலுள்ள நீர் மட்டும் உறிஞ்சுகுழிக்குப் போகும். அங்கிருந்து மண்ணில் இறங்கும்போதுதான் உண்மையான சுத்திகரிப்பின் பெரும்பகுதி நடக்கிறது: ஈரம் குறைந்து காற்றுள்ள மண்ணில் வாழும் பற்றீரியாக்கள் எஞ்சிய அழுக்கைத் தின்ன, கிருமிகள் மண் துகள்களில் தடைபட்டு மடிகின்றன. இதனால்தான் குழியின் அடி நிலத்தடி நீருக்கு 1.5 மீற்றராவது மேலே இருக்க வேண்டும் என்றும், கிணறு போன்ற நிலத்தடி நீர் எடுக்கும் இடத்திலிருந்து 30 மீற்றராவது விலகியிருக்க வேண்டும் என்றும் அனர்த்தகால முகாம்களுக்கான சர்வதேச நியமங்கள் கூறுகின்றன. கால் ஏக்கர் காணியில், மாரியில் நீர் மேலேறி நிற்கும் நிலத்தில், இந்த அளவுகள் எத்தனை வளவுகளுக்குப் பொருந்தும்? கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். கழிவிலிருந்து அதில் சேரும் நைத்திரேற்று என்ற உப்பு போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் புட்டிப்பால் குடிக்கும் பச்சிளம் குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும் என்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் அந்த எல்லையை வகுத்தது.

குளத்துக்கு வருவோம். முப்பது பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம் ஒட்சிசன்தான் கரைந்திருக்கும். சாதாரண வீட்டுக் கழிவுநீர் ஒரு லீற்றர் உக்குவதற்கே 200 முதல் 300 மில்லிகிராம் வரை தேவைப்படலாம். அதாவது ஒரு வாளிக் கழிவுநீர் முப்பது, நாற்பது வாளிக் குளத்து நீரின் மூச்சை எடுத்துவிடும். பவுசரில் போவது அதைவிடப் பல மடங்கு செறிவானது. விடியற்காலையில் திலாப்பியாக்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. புழுங்கல் நெல் ஊறவைத்த நீரை வாய்க்காலில் திறந்துவிடும் ஆலைகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. அந்தப் புளித்த மணத்தை நாம் ஊர் மணம் என்று பழகிக்கொண்டோம்.

சுத்திகரிப்பு நிலையம் என்றதும் பலர் இரசாயனத்தைத் தான் நினைக்கிறார்கள். 1914இல் மான்செஸ்டரில் அறிவிக்கப்பட்டு இன்றுவரை உலகெங்கும் பயன்படும் முறையில் நடப்பது, கழிவுநீருக்குள் காற்றை ஊதிப் பற்றீரியாக்களை வளர்த்து, அவை தின்று படிந்த சேற்றில் ஒரு பங்கைத் திருப்பி அதே தொட்டிக்கு அனுப்புவதுதான். ஓயாமல் காற்றை ஊத மின்சாரம் வேண்டும், கவனிக்க ஆள் வேண்டும். எங்களிடம் அவை குறைவு. நிலமும் வெயிலும் தாராளம். ஆழமான குளமொன்றில் சேற்றைப் படியவிட்டு, அடுத்தடுத்த ஆழங்குறைந்த குளங்களில் பாசி கொடுக்கும் ஒட்சிசனாலும் வெயிலாலும் நீரைத் தெளியவைக்கும் முறைக்குக் காற்றூதும் இயந்திரம் தேவையில்லை. குளம் வெட்டியும் கட்டியும் வாழ்ந்த ஊருக்கு இது அந்நியமான தொழில்நுட்பமும் அல்ல. பிரதேச சபைகள் இதற்கென இடமொன்றை ஒதுக்கி, ஒவ்வொரு பவுசரும் அங்கே ஊற்றியதற்கான துண்டைக் காட்டினால்தான் கட்டணம் என்று விதித்தால், ஓட்டுநர் காட்டுப் பக்கம் போக வேண்டியிராது.

நானும் என் பங்குக்குப் பழைய குழியை மூடிவிட்டு, கிணற்றுக்கு மறுகோடியில், நிலம் சற்று மேடாக இருக்கும் பக்கம் புதிய தொட்டிக்கு அளவு போட்டிருக்கிறேன். அடிக்குக் கொங்கிறீட் போடச் சொன்னதும், "தண்ணி இறங்காட்டி கெதியா நிறைஞ்சிடுமே" என்று மேசன் தயங்கினார். நீர் உறிஞ்சுகுழிக்குப் போகும், தொட்டியில் சேறுதான் தங்கும் என்று விளக்கினேன். அந்தச் சேறு நிறைந்து பவுசரைக் கூப்பிட இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. இடம் ஒதுக்கச் சபைக்கு அவ்வளவு அவகாசம் போதும்.