பட்டாலையில் ஒரு காமிக்ஸ் அலமாரி

பழைய முத்து காமிக்ஸ் ஒன்றுக்கு இன்று ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். அட்டை கிழியாமல், ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்காமல் இருந்தால் அதற்கும் மேலே. வாங்கியவர்கள் பிளாஸ்டிக் உறை போட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். வீட்டுப் பிள்ளைகள் தொடக் கூடாது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. காமிக்ஸ் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். விஞ்ஞானக் கதைகளும் அப்படித்தான். ஒன்றிரண்டு கிழியும். கிழியட்டும்.

நானும் சேர்க்கிறவள்தான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தொடங்கியது ஒரே வருடம், 1984. அப்போது நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது. காரைக்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கும். அப்பச்சி, அதாவது என் அப்பா, இரவு கடை அடைத்து வரும்போது வாங்கி வந்து, "படிச்சிட்டு எனக்குக் குடு ஆத்தா" என்பார். நான் தூங்கிய பிறகு வளவில், உள்முற்றத்து விளக்கடியில் உட்கார்ந்து அவர் படிப்பார். என் கல்யாணத்தில் சாமான் பரப்பியபோது எவர்சில்வர், வெண்கலம், எனாமல் வரிசைகளைத் தாண்டி ஓரத்தில் ஒரு தகரப் பெட்டியும் வைத்திருந்தார். உள்ளே முழுக்கக் காமிக்ஸ். நான் அதை எதிர்பார்க்கவே இல்லை. பார்க்க வந்த ஆச்சிமார் பாத்திரங்களை எண்ணிவிட்டு அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றதை இன்றும் எங்கள் பங்காளி வீடுகளில் சொல்வார்கள்.

அந்தப் பெட்டியை நான் மாடிக்கு ஏற்றவில்லை. கீழே கூடமான பட்டாலையில் சுவரலமாரி ஒன்று காலியாக இருந்தது. அதில் அடுக்கினேன், கதவுக்குப் பூட்டுப் போடவில்லை. அந்த வீட்டில் நடந்த எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

என் மாமியார் பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. மத்தியானம் சாப்பிட்டு முடித்து, ஆத்தங்குடிக் கல் குளிர்ச்சியாக இருக்கும் இடமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டு ஒரு இதழைப் புரட்டுவார். முதலில் படம் மட்டும். அப்புறம் பேச்சுப் பலூனில் உள்ள எழுத்தை விரல் வைத்து ஒவ்வொன்றாக. நாளிதழின் நீண்ட பத்திகள் அவரை மிரட்டின. நாலு சொல் உள்ள பலூன் மிரட்டவில்லை. முகத்தைப் பார்த்தால் யார் கோபமாகப் பேசுகிறார்கள் என்று தெரியும், அதை வைத்துச் சொல்லைப் பிடித்துக்கொள்வார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கல்யாணப் பத்திரிகைகளைத் தானே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். காமிக்ஸ் படித்தால் வாசிப்புக் கெட்டுவிடும் என்கிறவர்களிடம் நான் வேறு எதுவும் வாதாடுவதில்லை. இதைத்தான் சொல்வேன்.

என் வீட்டுக்காரர் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் கட்சி. சிவகாசியிலிருந்து காமிக்ஸ் சந்தாப் பெட்டி கூரியரில் வந்தால் முதலில் பிரிப்பது யார் என்று வீட்டில் பெரிய போட்டி. அவர் இரவுக் கழுகார், அதாவது டெக்ஸ், கதையைத் தனியே எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். தலை நரைத்த பிறகு பிள்ளைகள் அவரை 'வெள்ளிமுடியார்' என்றே கூப்பிடுகிறார்கள். டெக்ஸின் தோழர் கார்சனுக்குத் தமிழில் கிடைத்த பெயர் அது. பையன் சென்னையில் படிக்கிறான், ஜப்பானிய மங்கா பக்கம் போய்விட்டான். வலமிருந்து இடமாகப் புரட்டுகிறான். போகட்டும், சந்தோஷம்தான். லீவுக்கு வரும்போது அதையும் கொண்டு வந்து இதே அலமாரியில் வைக்கிறான்.

கடைக்குட்டி மகள்தான் கேள்வி கேட்கிறவள். அவளுக்கு இரும்புக்கை மாயாவி. 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே அவர்தான். மூலக்கதை 1962-இல் பிரிட்டனில் 'வேலியன்ட்' வார இதழில் வந்தது. முதலில் எழுதியவர் கென் புல்மர், விஞ்ஞானக் கதை எழுத்தாளர். படம் ஸ்பெயின்காரர் ஹெசுஸ் பிளாஸ்கோ. நாயகன் லூயிஸ் கிராண்டேலுக்கு வலது கைக்குப் பதில் இரும்புக் கை. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், கை மட்டும் அந்தரத்தில் தெரியும். கறுப்பு மசியில் பிளாஸ்கோ அந்தக் கைக்கு ஏற்றியிருக்கும் பளபளப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். விரல் மூட்டு ஒவ்வொன்றிலும் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று தெரியும்.

ஒருநாள் இவள் கேட்டாள்: "அம்மா, உடம்பு முழுக்க மறைஞ்சா கண்ணும் மறைஞ்சிடும்ல? அப்ப அவருக்கு எப்படிக் கண்ணு தெரியும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவளே பாடப் புத்தகத்தைப் புரட்டி, வெளிச்சம் விழித்திரையில் தங்கினால்தான் பார்வை, ஊடுருவிப் போய்விட்டால் எதுவும் தெரியாது என்று கண்டுபிடித்தாள். மாயாவி குருடாகத்தான் நடக்க வேண்டும். ஆனாலும் கதையை அவள் விடவில்லை, இன்னும் பிடித்துப்போய்விட்டது. விஞ்ஞானக் கதை செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பேன்.

எங்கள் ஊருக்கு ஒரு கொடுப்பினை. மின்வேதியியலுக்கென்று ஒரு தேசிய ஆய்வகம் இங்கேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி. செப்டம்பர் 26, அதன் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் நிறுவன நாளையொட்டி மாணவர்களை உள்ளே விடுவார்கள். மகளைக் கூட்டிப் போனேன். அங்கிருந்த விஞ்ஞானி ஒருவரிடம் இவள் நேராகப் போய், "இரும்புக் கைக்குத் துருப்பிடிக்காதா?" என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. உப்புக்காற்றும் ஈரமும் இரும்பை என்ன செய்யும், மேல்பூச்சு எப்படிக் காக்கும் என்று விளக்கினார். துருவை ஆராயவே ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் கடலோரம் தங்களுக்கு ஒரு நிலையம் உண்டு என்றும் சொன்னார். பூட்டிய பீரோவில் இருந்த புத்தகத்திலிருந்து இந்தக் கேள்வி வந்திருக்குமா?

அலமாரியின் கீழ்த்தட்டில் என் ஆத்தா (அம்மா) பைண்டு செய்த தொடர்கதைகள். சுஜாதாவின் ஜீனோவை, அந்த இயந்திர நாய்க்குட்டியை, நான் அப்படித்தான் படித்தேன். வாரம் தவறாமல் விகடனிலிருந்து பக்கங்களைப் பிரித்து, மைதாப் பசை காய்ச்சி, கோணி ஊசியால் தைத்தது. பக்கத்துக்குப் பின்னால் பாதி ஜோக், ஒரு சோப்பு விளம்பரம். கதையோடு அந்தக் காலமும் சேர்ந்து கிடைக்கிறது. அச்சில் வருகிற புதுப் பதிப்பில் அது வராது.

"செட்டிநாட்டில் கம்பன் கழகம் இருக்கும்போது பொம்மைப் புத்தகமா?" என்று உறவில் ஒரு பெரியவர் கேட்டார். கம்பன் விழாவுக்கு நாங்களும் போகிறோம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா இராயவரத்துக்காரர், 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியவர். துப்பறியும் சங்கர்லாலை உருவாக்கிய தமிழ்வாணன் தேவகோட்டை. பிள்ளைகளுக்கும் எளிய வாசகர்களுக்கும் எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதா என்ன?

பாதுகாப்பு முக்கியம் என்பதை நான் மறுக்கவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, நின்றுபோன இதழ் என்று மற்றவர்கள் குப்பை என்றதையெல்லாம் சேர்த்து, பூச்சி அரிக்காமல் காத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இன்று யாரும் போய்ப் படிக்கிற மாதிரி இருக்கிறது. காத்ததும் சரி, திறந்ததும் சரி. இரண்டும் சேர்ந்தால்தான் அவர் பட்ட பாட்டுக்கு அர்த்தம்.

நம் பக்கம் வருடத்துக்கு ஒரு முறை, கல்யாணத்துக்கோ முன்னோர் படைப்புக்கோ மட்டும் திறக்கிற வீடுகள் எத்தனை! பங்கு பிரிக்கும்போது தேக்குத் தூணுக்கும் பெட்டகத்துக்கும் ஆள் வருகிறது. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஜாடிக்குக்கூட விலை இருக்கிறது. வீட்டின் பின்பக்க இரண்டாம் கட்டில் கட்டி வைத்த கோகுலம் சிறுவர் இதழையும் ராணி காமிக்ஸையும் கரையான் தின்கிறது, மிச்சம் எடைக்குப் போகிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் யாராவது வீடு ஒதுக்குகிறீர்கள் என்றால் பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிடும் முன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பிரதி இருந்தால் ஒன்று பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்.

அப்புறம் ஒரு உதவி. எங்களிடம் உள்ள ராணி காமிக்ஸ் ஒன்றில் அட்டையும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. முகமூடி வீரர் மாயாவி கதை (இரும்புக்கை மாயாவி வேறு, இவர் வேறு). கடற்கொள்ளையர் படகில் அவர் தனியாக ஏறுவதோடு நிற்கிறது. முதல் பக்கத்தைக் கருத்துப் பகுதியில் போடுகிறேன். யாரிடமாவது முழு இதழ் இருந்தால் கடைசிப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புங்கள். மகள் தினமும் கேட்கிறாள்.