டால்ஸ்டாய் சாகக் கிடந்தபோது எழுதியதா 'இவான் இலியிச்சின் மரணம்'?

"டால்ஸ்டாய் மரணப் படுக்கையில் தன் வலியையே எழுதிய கதை" என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு.

கதை வெளியானது 1886இல். டால்ஸ்டாய் இறந்தது 1910இல், அஸ்தபோவோ ரயில் நிலையத்தில், நிமோனியாவால். இடையில் 24 ஆண்டுகள்! 'புத்துயிர்ப்பு' நாவலே அதற்கு அப்புறம், 1899இல்தான் வந்தது.

கதைக்குத் தூண்டுதல் இன்னொருவரின் சாவு. ரஷ்யாவின் துலா நகர நீதிமன்றத்தில் பணியாற்றிய இவான் இலியிச் மெச்னிகோவ் 1881இல் இறந்தார். நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி இலியா மெச்னிகோவின் அண்ணன் அவர். கதாநாயகன் திரைச்சீலை மாட்டும்போது ஏணியிலிருந்து வழுக்கி, ஜன்னல் சட்டத்துக் குமிழில் விலா இடித்துக்கொள்வான். அவ்வளவுதான், அங்கிருந்து தொடங்கும் வலி.

சரி, டால்ஸ்டாயின் சொந்த வாழ்க்கைக்குப் பங்கே இல்லையா? உண்டு. அண்ணன்கள் திமித்ரி 1856இலும் நிகொலாய் 1860இலும் காசநோயால் இறந்தார்கள். டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா' நாவலில் லெவின் என்ற பாத்திரத்தின் அண்ணன் சாகும் அத்தியாயத்தில் திமித்ரியின் சாயல் அதிகம். அந்தப் பெரிய நாவலில் தலைப்பு வைத்த ஒரே அத்தியாயம் அதுதான். தலைப்பு: 'மரணம்'.