யூஎக்ஸ் இன்டர்வியூவுக்கு வீட்டுப்பாடம் வேண்டாம்

யூஎக்ஸ் (யூசர் எக்ஸ்பீரியன்ஸ்) டிசைனர்களை, அதாவது ஆப்பும் வெப்சைட்டும் பயன்படுத்துபவருக்கு எளிதாக இருக்கும்படி வடிவமைப்பவர்களை, வேலைக்கு எடுக்கும் ஐடி கம்பெனிகளிடம் ஒரு வேண்டுகோள். அந்த சனி, ஞாயிறு அசைன்மென்ட்டை தயவுசெய்து நிறுத்துங்கள்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் ஹெச்ஆர் போனில் பேசுவார். அடுத்து போர்ட்ஃபோலியோ, அதாவது இதுவரை செய்த வேலைகளின் தொகுப்பைப் பார்ப்பார்கள். பிடித்துவிட்டால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மெயில் வரும். "எங்கள் ஆப்பில் பணம் கட்டும் பக்கத்தை மாற்றி டிசைன் செய்து, திங்கள் காலைக்குள் ஃபிக்மா (டிசைன் சாஃப்ட்வேர்) லிங்க் அனுப்பவும்." இதற்குப் பைசா கிடையாது. பல சமயம் பதிலும் வராது. கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு தோழி, குழந்தை தூங்கிய பிறகு ராத்திரி முழுக்க உட்கார்ந்து முடித்து அனுப்பினாள். இன்றுவரை அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு வரி வரவில்லை. எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

காசை விடுங்கள். இந்தச் சோதனையே தப்பு. 1993-இல் ஆப்பிள் கம்பெனியில் டிசைன் அறிஞர் டான் நார்மன் தன் பதவிப் பெயரில் 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்று சேர்த்துக்கொண்டதற்குக் காரணம், திரையோடு நின்றுவிடாமல் மனிதரின் முழு அனுபவத்தையும் பார்க்க வேண்டும் என்பதுதான். ஒரு டிசைனை ஐந்து பயனர்களிடம் கொடுத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று இந்தத் துறை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். வீட்டுக்குக் கொடுக்கும் அசைன்மென்ட்டில் அந்த ஐந்தில் ஒருவராவது உண்டா? பயனரும் இல்லை, டேட்டாவும் இல்லை, 'இது முடியாது' என்று சொல்ல டெவலப்பரும் இல்லை. அழகான கலரில் ஊகம்தான் வந்து சேரும். யாருக்கு ஓய்வு நேரம் அதிகமோ அவர் ஜெயிப்பார்.

அதற்குப் பதில் வேலை தேடி வந்தவரோடு ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து, ஒரு சிக்கலைக் கொடுத்துப் போர்டில் வரையச் சொல்லுங்கள். மெட்ரோ ஸ்டேஷன் டிக்கெட் மெஷினின் டிசைனை மாற்றச் சொல்லி இன்டர்வியூவுக்கு வந்த ஒரு பையனிடம் கேட்டோம். அவன் மார்க்கரையே தொடவில்லை. "தினமும் போகிறவர் கார்டு வைத்திருப்பார் சார். மெஷின் முன்னால் நிற்பவர் ஊருக்குப் புதுசு. அவருக்கு ஸ்டேஷன் பெயர் தெரியாது, போக வேண்டிய ஆஸ்பத்திரி பெயர்தான் தெரியும்" என்றான். அப்புறம்தான் போர்டில் முதல் திரையை வரைந்தான். அதில் ஸ்டேஷன் பட்டியல் இல்லை, இடத்தின் பெயரைத் தேடும் பெட்டி இருந்தது. பின்னால் வரிசை நீண்டால் என்ன ஆகும் என்று நாங்கள் கேட்டதும், எந்த நோட்டு செல்லும் என்பதை அந்த முதல் திரையிலேயே சேர்த்தான். அவன் எப்படி யோசிக்கிறான் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

போர்ட்ஃபோலியோவிலும் கேட்க எவ்வளவோ இருக்கிறது. டிசைன் வேலையின் படிகளை இரண்டு வைர வடிவில் காட்டும் டபுள் டயமண்ட் படம் எல்லோரிடமும் இருக்கும், அதைத் தாண்டிப் போங்கள். எதைச் செய்து பார்த்துவிட்டுக் கைவிட்டீர்கள்? டெவலப்பர் மறுத்தபோது எதை விட்டுக்கொடுத்தீர்கள்? நிஜமாக வேலை செய்தவர் இந்த இடத்தில் நிறுத்தாமல் பேசுவார்.

அசைன்மென்ட் கொடுத்தே தீர வேண்டும் என்றால் பணம் கொடுங்கள். உங்கள் சொந்த ஆப்பைக் கொடுக்காதீர்கள், அது இலவசமாக வேலை வாங்குவது. தேடுபவர்களும் தயங்காமல் கேளுங்கள். "இதற்குச் சன்மானம் உண்டா? வேறு தலைப்பில் செய்யலாமா?" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை.

ஹெச்ஆர் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த வெள்ளிக்கிழமை அனுப்ப வைத்திருக்கும் மெயிலில் இரண்டு விஷயத்தையாவது சேர்த்துவிடுங்கள்: எத்தனை மணி நேர வேலை, எவ்வளவு பணம்.